வி. வி. குமாரின் பந்துவீச்சுக் கணக்கு: 2 டெஸ்ட், 599 விக்கெட்

வாமன் விசுவநாத் குமார் (பிறப்பு: 1935 ஜூன் 22, சென்னை) இந்தியாவின் முன்னாள் கிரிக்கெட் வீரர். வி. வி. குமார் என்றே அறியப்பட்டவர். லெக் ஸ்பின் வகைச் சுழற்பந்து வீச்சாளர். 1955–56 முதல் 1976–77 வரை, 22 பருவங்கள் முதல்தரக் கிரிக்கெட் ஆடினார். சென்னை மாநில அணிக்கும், பெயர் மாறிய பின் அதே தமிழ்நாடு அணிக்கும், தென் மண்டலத்துக்கும் பந்து வீசினார். இந்தியாவுக்காக 1961ஆம் ஆண்டில் இரண்டே இரண்டு டெஸ்ட் போட்டிகளில் ஆடினார்.

இன்றைய மாணவர்களில் அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு. அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரு புள்ளிவிவரப் பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. அந்தப் பட்டியலையே ஒரு வரலாற்று ஆவணமாக வாசித்து, அதன் எண்கள் எப்படி உண்டாயின, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டியல்

| போட்டி வகை | ஆடியவை | விக்கெட் | சராசரி |
|---|---|---|---|
| டெஸ்ட் | 2 | 7 | 28.85 |
| முதல்தரம் (டெஸ்ட் உட்பட) | 129 | 599 | 19.98 |

599 விக்கெட்டுகளில் 417 ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளில் எடுக்கப்பட்டவை.

இங்கே சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குப் பந்துவீச்சாளர் கொடுத்த ஓட்டங்கள். கொடுத்த மொத்த ஓட்டங்களை எடுத்த விக்கெட்டுகளால் வகுத்தால் அது கிடைக்கும். மட்டையாளருக்குச் சராசரி உயர்ந்தால் பெருமை. பந்துவீச்சாளருக்குக் குறைந்தால் பெருமை. நீண்ட காலம் ஆடி, ஒரு விக்கெட்டுக்கு 20 ஓட்டத்துக்கும் குறைவாகக் கொடுத்தவர்கள் எந்த நாட்டிலும் மிகச் சிலரே. குமார் அவர்களில் ஒருவர்.

இரு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. 129 போட்டிகளில் சராசரியாகப் போட்டிக்கு 4.6 விக்கெட் எடுத்தவருக்கு, மேல் வரிசையில் ஏன் வெறும் 2 என்று இருக்கிறது?

எண்களைக் குறித்துவைக்கும் வழக்கம்

ஆட்டக்காரரின் வாழ்வை ஒரு வரியில் எழுதும் வழக்கம் கிரிக்கெட்டில் தொடங்கி, அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் பெருவளர்ச்சி கண்டது. இவ்விரண்டையும் இணைத்தவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா சென்று, நியூயார்க் இதழ்களுக்குக் கிரிக்கெட் செய்திகள் எழுதியவர். கிரிக்கெட் ஆட்டக் குறிப்பேட்டின் வடிவத்தைப் பேஸ்பாலுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்ததில் அவருடைய பங்கு பெரிது.

பேஸ்பாலில் பந்து எறிபவரின் முதன்மை அளவு, 9 இன்னிங்சுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி. அவருடைய அணியினர் செய்த தடுப்புப் பிழையால் வந்த ஓட்டங்கள் அவர் கணக்கில் சேரா. கிரிக்கெட்டில் அப்படி ஒரு கழிவு இல்லை. ஸ்லிப்பில் நிற்பவர் பிடியைத் தவறவிட்டால், அதன்பின் அந்த மட்டையாளர் எடுக்கும் ஓட்டங்களும் பந்துவீச்சாளரின் தலையிலேயே விழும். நழுவிய பிடிக்குப் பட்டியலில் இடமே கிடையாது.

அதாவது, எந்தப் பட்டியலும் முழு உண்மை அன்று. எதை எண்ணுவது என்று யாரோ முன்னரே முடிவு செய்திருக்கிறார்கள். குமாரின் கணக்கையும் இந்த எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

டெல்லி, 1961 பிப்ரவரி

1960–61 பருவத்தில் பாக்கிஸ்தான் அணி இந்தியாவுக்கு வந்து ஐந்து டெஸ்ட் ஆடியது. முதல் நான்கும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. ஐந்தாவது டெஸ்ட் பிப்ரவரி 8 அன்று டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் தொடங்கியது. அதில் குமார் அறிமுகமானார். அப்போது அவருக்கு வயது 25. முதல்தரக் கிரிக்கெட்டில் அது அவருக்கு ஆறாவது பருவம்.

இந்தியா முதலில் ஆடி 463 ஓட்டங்கள் எடுத்தது. பதிலுக்கு ஆடிய பாக்கிஸ்தான் 286க்கு ஆட்டமிழந்தது. குமார் 64 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட் வீழ்த்தினார். முஷ்டாக் முகம்மது 17 வயதில் சதம் அடித்து, டெஸ்ட் சதம் கண்ட மிக இளையவர் என்று அன்று பெயர் பெற்றதும் இதே இன்னிங்சில்தான். தொடர்ந்து ஆடப் பணிக்கப்பட்ட பாக்கிஸ்தான், இரண்டாம் இன்னிங்சில் 250 எடுத்தது. அதில் குமாருக்கு 68 ஓட்டங்களுக்கு 2 விக்கெட். வெற்றிக்கு இந்தியாவுக்குத் தேவைப்பட்டது 74. ஆனால் நேரம் இல்லை. விக்கெட் இழப்பின்றி 16 எடுத்த நிலையில் ஆட்டம் முடிந்தது. தொடரின் ஐந்து போட்டிகளும் சமன்.

டெஸ்ட் அறிமுகத்தில் ஓர் இன்னிங்சில் 5 விக்கெட் எடுத்த இந்தியர், குமாருக்கு முன் ஒருவரே: 1932இல் லார்ட்ஸ் மைதானத்தில் முகம்மது நிசார். அவர் வேகப்பந்து வீச்சாளர். எனவே இந்தியச் சுழற்பந்து வீச்சாளர்களில் இதைச் செய்த முதல்வர் குமார்தான்.

மும்பை, 1961 நவம்பர்

அடுத்த வாய்ப்பு ஒன்பது மாதம் கழித்து வந்தது. இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்ட், மும்பை பிரபோர்ன் மைதானம். இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 500 எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. குமார் 70 ஓட்டங்கள் கொடுத்தார், விக்கெட் இல்லை. அத்துடன் அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது.

இப்போது முதல் வரிசையை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 64, 68, 70 ஆகியவற்றைக் கூட்டினால் 202. இதை 7ஆல் வகுத்தால் 28.85. டெல்லியோடு நிறுத்தியிருந்தால் 132ஐ 7ஆல் வகுத்து 18.85 வரும். இது அவருடைய முதல்தரச் சராசரியைவிடவும் சிறந்தது. ஒரே ஒரு இன்னிங்சு சராசரியைச் சரியாக 10 ஓட்டங்கள் உயர்த்திவிட்டது. குறைந்த எண்ணிக்கையிலிருந்து எடுத்த சராசரி எவ்வளவு எளிதில் ஆடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நம் பக்கத்து நெல் வியாபாரி மூட்டையில் குத்தூசி விட்டு உள்ளங்கையில் எடுத்துப் பார்ப்பார். ஒரு மூட்டைக்கு அது போதும். ஆனால் ஒரு வேலி நிலத்தின் விளைச்சலை இரண்டு குத்தூசி நெல்லை வைத்துத் தீர்மானிக்க எந்த வியாபாரியும் துணியமாட்டார். குமாரின் டெஸ்ட் வரிசை அந்த இரண்டு குத்தூசி நெல்தான். முதல்தர வரிசையே முழு அறுவடை.

வாய்ப்பு ஏன் மீண்டும் வரவில்லை?

இதற்கு அநீதி என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அன்றைய அணி நிலவரம் அவ்வளவு எளிதானதன்று.

அதே இங்கிலாந்துத் தொடரில் சலீம் துரானி 23 விக்கெட் எடுத்தார். கொல்கத்தாவிலும் சென்னையிலும் வென்று, இங்கிலாந்துக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா பெற்றது. சந்து போர்டே லெக் ஸ்பின்னும் வீசுவார். மட்டையிலும் அணியைத் தாங்குவார். பாபு நட்கர்னியும் அப்படியே, பந்து, மட்டை இரண்டிலும் பயன்பட்டார். தேர்வாளர்களின் கண்ணோட்டத்தில், மட்டையில் பெரிதாகப் பங்களிக்காத ஒரு சுழற்பந்து வீச்சாளருக்கு இவர்களைத் தாண்டி இடம் தருவது கடினம்.

அதன்பின் வந்தவர்கள் இன்னும் பெரியவர்கள். எராபள்ளி பிரசன்னா 1962 ஜனவரியில் சென்னையில் அறிமுகமானார். 1964 ஜனவரியில் வந்த பி. எஸ். சந்திரசேகரும் குமாரைப் போலவே லெக் ஸ்பின் வகை. ஆனால் வேகம் மிக்கவர். 58 டெஸ்டில் 242 விக்கெட் எடுத்தார். 1965இல் சென்னை அணித் தோழர் சீனிவாச வெங்கடராகவனும், 1966–67 பருவத்தில் பிஷன் சிங் பேடியும் வந்தார்கள். நால்வரும் சேர்ந்து ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் இந்தியச் சுழற்பந்து வீச்சைத் தம் வசம் வைத்திருந்தார்கள்.

ஆகவே 1966க்குப் பின் குமாருக்கு இடம் கிடைக்காததைப் புரிந்துகொள்ள முடிகிறது. கேள்விக்குரியது அதற்கு முந்தைய இடைவெளிதான். அறிமுகத்தில் 7 விக்கெட் எடுத்த ஒருவரை, ஒரே ஒரு விக்கெட்டற்ற இன்னிங்சுக்குப் பின் திரும்பப் பார்க்காமல் விட்டதற்குப் பட்டியலில் விடை இல்லை. 26 வயதில் நின்றுபோனது டெஸ்ட் வரிசை. கீழ் வரிசை மட்டும் அதன் பிறகு இன்னும் 15 ஆண்டுகள் நீண்டது.

கீழ் வரிசையின் உழைப்பு

599 என்ற எண்ணின் கனத்தை உணர, அன்றைய உள்நாட்டு ஆட்ட அமைப்பை அறிய வேண்டும். 1957–58 முதல் ரஞ்சிக் கோப்பையின் மண்டல ஆட்டங்கள் லீக் முறையில் நடந்தன. தென் மண்டலத்தில் ஐந்து அணிகள்: சென்னை, மைசூர், ஐதராபாத், ஆந்திரம், கேரளம். ஓர் அணிக்கு லீக்கில் கிடைப்பது நான்கே ஆட்டங்கள். மண்டலத்தைத் தாண்டினால்தான் மேலும் ஆட்டம் உண்டு. 1961–62 முதல் துலீப் கோப்பையும் சேர்ந்தது.

129 போட்டிகளை 22 பருவங்களால் வகுத்தால் ஆண்டுக்கு ஆறு போட்டிகூட வரவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தின் கவுண்டி அணி வீரர் ஒரே கோடையில் 25 அல்லது 30 முதல்தரப் போட்டிகள் ஆடுவார். அங்கே நான்கைந்து ஆண்டுகளில் தாண்டக்கூடிய போட்டி எண்ணிக்கையை எட்ட, சென்னையில் ஆடிய ஒருவருக்கு 22 ஆண்டுகள் தேவைப்பட்டன. உள்நாட்டுக் கிரிக்கெட் அப்போது குடும்பம் நடத்தும் தொழிலாகவும் இல்லை. வங்கியிலோ நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே, பருவம் வந்தால் விடுப்பு எடுத்து ஆடினார்கள். இந்தச் சூழலில் ஒருவர் 41 வயது வரை, மணிக்கட்டைச் சுழற்றி வீசும் கடினமான கலையைக் கைவிடாமல் காத்தது சாதாரணமன்று.

சுழற்பந்து வகைகளில் லெக் ஸ்பின்னே கட்டுப்படுத்தக் கடினமானது. பந்து கையிலிருந்து விடுபடும் கோணம் சற்றுப் பிசகினாலும் நான்கு ஓட்டம் போய்விடும். அதனால் லெக் ஸ்பின்னர்கள் விக்கெட் எடுத்தாலும் ஓட்டங்களை வாரி வழங்குவார்கள் என்பது பொதுவான எண்ணம். 19.98 என்ற சராசரி அந்த எண்ணத்துக்கு எதிரான சாட்சி.

மறுமுனையில் 1963–64 முதல் வெங்கடராகவன் ஆஃப் ஸ்பின் வீசினார். ரஞ்சிக் கோப்பையில் வெங்கடராகவன் 530, குமார் 417. இருவருக்கும் சேர்த்து 947 விக்கெட். ஒருவர் பந்தை வலக்கை மட்டையாளரை நோக்கித் திருப்ப, மற்றவர் அவரை விட்டு விலக்கித் திருப்பினார். தமிழ்நாட்டு மட்டையாட்டம் தடுமாறிய பல பருவங்களில் அணியை நிறுத்தியது இந்த இணைதான்.

பட்டியலில் இல்லாத கோப்பை

குமாரின் கணக்கில் இன்னொரு வெற்றிடமும் உண்டு. சென்னை அணி ரஞ்சிக் கோப்பையை முதன்முறை வென்றது 1954–55இல். குமார் ஆடத் தொடங்கியது அதற்கு அடுத்த பருவத்தில். தமிழ்நாடு மீண்டும் வென்றது 1987–88இல். அதற்கு 11 ஆண்டுகள் முன்பே அவர் ஓய்வு பெற்றிருந்தார். 22 பருவங்களும் இரண்டு வெற்றிகளுக்கு நடுவே விழுந்தன.

அருகில் வந்தது உண்டு. 1967–68 இறுதியாட்டத்தில் சென்னை அணி மும்பையிடம் முதல் இன்னிங்சு முன்னிலையில் தோற்றது. 1972–73 இறுதியாட்டம் சேப்பாக்கத்திலேயே நடந்தது. சொந்த மண், பந்து சுழலும் ஆடுகளம், குமார்–வெங்கடராகவன் இணை எல்லாம் இருந்தன. மும்பை 151, 113 என்றுதான் எடுக்க முடிந்தது. ஆனால் பத்மாகர் சிவால்கர் 16 ஓட்டங்களுக்கு 8, 18 ஓட்டங்களுக்கு 5 என்று வீழ்த்த, தமிழ்நாடு 80, 61 என்று சுருண்டது. ஐந்து நாள் ஆட்டம் இரண்டு நாளும் ஒரு பந்தும் ஆடி முடிந்தது. மும்பைக்கு 123 ஓட்டங்களில் வெற்றி.

எதிரணியை 113க்கு மடக்கியும் தோற்றால் பந்துவீச்சாளரை எப்படி மதிப்பிடுவது? பேஸ்பாலில் இக்கேள்வி நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அங்கே பந்து எறிபவரின் பெயரில் வெற்றி, தோல்வி எண்ணிக்கையும் எழுதப்படும். 2018இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 9 இன்னிங்சுக்கு 1.70 ஓட்டம் மட்டுமே கொடுத்தார். ஆனால் அவர் அணி ஓட்டம் எடுக்காததால் அவர் பெயரில் 10 வெற்றி, 9 தோல்வி என்று பதிவாயிற்று. அவ்வாண்டின் சிறந்த பந்து எறிபவருக்கான சை யங் விருது அவருக்கே தரப்பட்டது. அணியின் முடிவு வேறு, தனியாளின் உழைப்பு வேறு என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். குமாருக்கும் அதே நியாயம் பொருந்தும்.

தனியாள் அல்லர்

சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டை வீழ்த்திய சிவால்கரின் கணக்கையும் பார்க்க வேண்டும்: 124 முதல்தரப் போட்டி, 589 விக்கெட், சராசரி 19.69. டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. அரியானாவின் இராஜிந்தர் கோயல் 157 போட்டிகளில் 18.58 சராசரியில் 750 விக்கெட் எடுத்தார். 1974–75இல் பெங்களூரு டெஸ்டில் பேடி ஆடாத நிலையில், கோயல் அணியில் சேர்க்கப்பட்டும் களமிறங்கும் பதினொருவரில் இடம் பெறவில்லை. அவருக்கும் டெஸ்ட் இல்லை. இருவரும் பேடியைப் போல இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்கள். ஒரே காலத்தில் பிறந்ததே அவர்கள் செய்த பிழை.

இந்த வரிசையில் வைத்தால் குமார் இரண்டு டெஸ்ட் ஆடிய பேறு பெற்றவர் என்றும் சொல்லலாம். எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே 2 குறைவாகவும் தோன்றும், நிறைவாகவும் தோன்றும்.

599ஆ, 600ஆ?

டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94. கடைசி இன்னிங்சில் 4 ஓட்டம் எடுத்திருந்தால் 100. அவர் 0 எடுத்தார். அந்தக் குறையே அந்த எண்ணை உலகம் மறக்காதபடி செய்தது. குமாரின் 599க்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. 599க்கும் 600க்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு 0.17 மட்டுமே. திறமையின் கணக்கில் அது ஒன்றுமில்லை. நினைவின் கணக்கில் பெரிது. முழு எண்களைச் சுற்றியே பாராட்டுகளும் பட்டியல்களும் அமைகின்றன. ஒரு நழுவிய பிடி, கேட்கப்பட்டும் தரப்படாத ஓர் எல்.பி.டபிள்யூ. போதும், 600 என்பது 599 ஆக.

அதே மைதானம், ஐம்பது ஆண்டு கழித்து

2011 நவம்பரில் டெல்லி கோட்லா மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இன்னொரு சென்னைச் சுழற்பந்து வீச்சாளர் அறிமுகமானார். முதல் இன்னிங்சில் 3 விக்கெட். இரண்டாவதில் 47 ஓட்டங்களுக்கு 6. அவர் ரவிச்சந்திரன் அஸ்வின். 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கு 106 டெஸ்ட், 537 விக்கெட்.

இருவரும் ஒரே ஊர், ஒரே மைதானத்தில் அறிமுகம், முதல் போட்டியிலேயே ஐந்துக்கு மேற்பட்ட விக்கெட். அதற்குப் பின் ஒருவர் 105 முறை திரும்ப அழைக்கப்பட்டார். மற்றவர் ஒரே ஒரு முறை. அஸ்வினின் பெருமையை இது குறைக்காது. அந்த 105 அழைப்புகளையும் அவர் தம் உழைப்பால்தான் பெற்றார். ஆனால் ஒரு பட்டியலில் விக்கெட்டையும் சராசரியையும் வீரர் எழுதுகிறார். போட்டிகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் பிறர் எழுதுகிறார்கள். குமாரின் பெயருக்கு எதிரே உள்ள 2 என்ற எண்ணைப் பார்க்கும் மாணவர், அதற்குக் கீழே உள்ள 129ஐயும் 599ஐயும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.